பெட்டிக்குள் தேனீ

சப்வூஃபர் வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கொண்டுபோய் அறையின் மூலையில் வைத்துவிடுகிறார்கள். இடத்தை அடைக்காது, பெண்டாட்டி வாயைத் திறக்கமாட்டாள் என்பதைத் தவிர அதனால் ஒரு லாபமும் இல்லை. மூலையில் வைத்த பெட்டி எந்தப் பாட்டைப் போட்டாலும் டொம் டொம் என்று ஒரே பாட்டைத்தான் பாடும். நீங்கள் என்றைக்காவது வாங்கினால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் சார். எங்கே இருந்தாலும் சொல்லி அனுப்புகிறேன்.

என் பெயர் அழகியநம்பி. வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் திருக்குறுங்குடிப் பக்கம்; பதினேழு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை. கிள்ளிப்பாலத்தில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் நானும் என் மனைவி பாகீரதியும் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்ப்பகுதியில் இருந்த உலகம்மாள் போன ஞாயிற்றுக்கிழமை, ஜூன் இருபத்திரண்டாம் தேதி, மாவு கிரைண்டரில் மின்சாரம் தாக்கி இறந்துபோனாள். விபத்து என்று எழுதி முடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். அரைப் பக்கத்தில் எழுதிக் கொடு என்றீர்கள். அரைப் பக்கத்தில் அடங்காது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ராஜையன் ஏட்டையா பாறசாலைக்காரர், தமிழ் தெரிந்தவர், வாசித்துச் சொல்வார்.

முதலில் பெட்டி, கனத்த அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற அந்த சப்வூஃபர். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், மரைன் பிளைவுட்டில் கூடு. கரமனையில் ஒரு ஆசாரியைப் பக்கத்தில் நின்று பாடாய்ப் படுத்திச் செய்யவைத்தேன். உள்ளே வைக்கிற ஆம்ப்ளிஃபயரைச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரேடியோ மெக்கானிக் பூட்டிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு கிலோ. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை இரண்டும் மரத்துப்போயின, ஆனாலும் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரிக்கவில்லை என்று பாகீரதிக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு.

பெட்டிக்கு இடம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாம் உட்கார்ந்து கேட்கிற இடத்தில் பெட்டியை உட்கார வைத்துவிட்டு, பெட்டி இருக்கவேண்டிய இடத்தை நாம் தவழ்ந்து தேடவேண்டும். பெட்டியைச் சோபாவில் ஏற்றினேன். ஒரே ஒரு கனத்த சுரத்தை ஓடவிட்டேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கையும் முழங்காலும் ஊன்றி, காதைத் தரைப்பக்கம் சாய்த்து அறை முழுக்கத் தவழ்ந்தேன். எந்த இடத்தில் சுரம் உருண்டு திரண்டு வருகிறதோ, அதுதான் பெட்டியின் இடம். அந்த நேரம் பார்த்து, தோசைமாவுத் தூக்கோடு உலகம்மாக்கா வாசலில் வந்து நின்றாள். சாருக்கு மோதிரம் எதுவும் உருண்டுவிட்டதா என்று மெதுவாகக் கேட்டாள். மோதிரம் இல்லை, புத்தி என்றாள் பாகீரதி. இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜன்னலுக்கும் துணி ஸ்டாண்டுக்கும் நடுவில், சுவரிலிருந்து இரண்டேகால் அடியில் எனக்கு இடம் கிடைத்தது.

உலகம்மாக்காவைப் பற்றி ஒரு குறை சொல்லமுடியாது. தென்காசிப் பக்கத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். கணவர் லிங்கம் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் மாஸ்டர். காலையில் போனால் ராத்திரி வருவார். அக்கா வீட்டிலேயே ஒரு பெரிய கிரைண்டர் போட்டு, தெருவில் முப்பது வீட்டுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தாள். மத்தியானம் இரண்டரைக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கினால் ஐந்தரைக்குத்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இரட்டை மாவு, அதையும் அதே நேரத்துக்குள் முடித்துவிடுவாள். என் பெட்டி அதிர்ந்தபோது எதிர்வீட்டுக்காரர் கூட முகத்தைச் சுளித்தார், அக்கா சுளிக்கவில்லை. மாவுப் பாத்திரம் தானாகக் குலுங்குகிறது, எனக்குக் கை வேலை மிச்சம் என்றாள்.

இடம் கிடைத்ததும் மற்றதெல்லாம் விளையாட்டுப்போல நடந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால் பெட்டியும் முன்னால் இருக்கிற ஸ்பீக்கர்களும் சேர்ந்து காற்றைத் தள்ளும். மறுபக்கம் தள்ளினால் ஒன்று தள்ள ஒன்று இழுக்கும், சத்தம் சோனியாகிவிடும். சரியான பக்கம் விழுந்த அன்று எங்கள் வீட்டில் ஷோகேஸ் கண்ணாடி பாடியது, எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றையொன்று முத்தமிட்டன, உத்தரத்திலிருந்து பல்லி இரண்டு தடவை கீழே விழுந்தது. ஜன்னல் கண்ணாடிக்குத் தீப்பெட்டி அட்டை செருகினேன். கல்யாணப் பரிசாக வந்த கதகளித் தலை ஆடாமலிருக்க அதன் கழுத்தை ரப்பர் பாண்டால் கட்டினேன். தம்ளர்களைத் தள்ளித் தள்ளிக் குடிவைத்தேன். சந்தோஷம் தாங்காமல் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்குக் காது சோதிக்கும்போது, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லவேண்டியவன், கேட்டால் எழுந்து ஆடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. படத்தில் நிசப்தம் வருகிற இடங்களில் பெட்டி தனக்குத்தானே ம்ம்ம் என்று முனகியது. ஐம்பது ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தின் சொந்தக் குரல் அது. மிக மெல்லிய முனகல். பாகீரதிக்குச் சொன்னால்தான் கேட்கும். சாதாரண ஆள் யாரும் கண்டுபிடிக்கமாட்டான் என்று நம்பி, மே மாதம் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு அரங்கேற்றம் வைத்தேன்.

வந்தவர்களில் என் மைத்துனர் கோலப்பன் சாதாரண ஆள் அல்ல. பாகீரதியின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுவேன். நாகர்கோவில் வடசேரியில் பாத்திரக்கடை. பித்தளைக் குடத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டிக் கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சொல்லிவிடுவார். காது சோதிக்கிற என் படிப்பை அவர் ஒரு படிப்பாக எண்ணியதே இல்லை. படம் ஓடி முடிந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி கொள்ளாம்," என்று முதலில் மெச்சினார். "உள்ள தேனீ வளக்கேரா மாப்ளே?"

அறையே சிரித்தது. பாகீரதியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினைந்து நாள் கழித்து நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் இலை போட்டவன் தேன் எடுத்தாச்சா என்று கேட்டான். மாலை கட்டுகிறவன் கேட்டான். எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மாள், கொட்டிவிடாமல் பார்த்துக்கொள் தம்பி என்று அக்கறையாகச் சொன்னாள். ஜூன் இருபத்திரண்டு திருவனந்தபுரம் வருகிறேன், தேன் இருந்தால் ஒரு குப்பி எடுத்துவையுங்கள் என்று அத்தான் போன் செய்தார். வெட்கமாகத்தான் இருந்தது, எழுதுவதற்கு என்ன. நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனிடம் இருப்பது அவன் காது ஒன்றுதான் என்றால், அதைக் கேலி செய்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

தேனீயைத் தேடினேன். ஒயர்களை மாற்றினேன். பிளக்கை மாற்றிக் குத்தினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்தது. டியூப்லைட்டை நிறுத்தி இருட்டில் இருந்தேன், பாகீரதி காலில் இடித்துக்கொண்டாள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் உடைத்தேன். தேங்காய் சிதறுகிற சத்தத்தில் கனமே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். கடைசியில் மூன்று நாள் லீவு போட்டு, முனகல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நோட்டில் குறித்தேன். மூன்று நாளும் ஒரே கணக்கு. இரண்டரைக்கு வந்தது, ஐந்தரைக்குப் போனது.

நோட்டை மூடிவிட்டு நான் போட்ட ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாவு வாங்குகிற சாக்கில் டெஸ்டரோடு கீழே போனேன். கிரைண்டரின் இரும்பு உடம்பில் வைத்துப் பார்த்தேன். டெஸ்டருக்குள் மினுக் மினுக்கென்று ஒரு சின்ன வெளிச்சம். விஷயம் எளியது. மோட்டாரில் ஈரம் இறங்கி, மின்சாரம் உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. அக்கா தொட்டால் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் எர்த் ஒயர். கசிகிறதையெல்லாம் அது அள்ளிக்கொண்டுபோய், பின்பக்கம் கிணற்றோரத்தில் இருக்கிற எர்த் குழியில் மண்ணுக்குள் கொட்டிவிடும். என் மாடியின் எர்த் ஒயரும் அதே குழியில்தான் இறங்குகிறது. ஆகவே அக்கா வீட்டில் கசிந்தது குழியில் இறங்கி, என் ஒயர் வழியாக மேலே ஏறி, என் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்து தேனீயாக முனகியது. என்ன அழகு பாருங்கள். படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அக்காவிடம் சொல்லி மோட்டாரைக் கழற்றிச் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, புதுக் கம்பி சுற்றிவரச் செய்வது. பத்து நாள் ஆகும். முப்பது வீட்டில் காலைப் பலகாரம் நின்றுபோகும், அக்காவின் பிழைப்பும் நின்றுபோகும், அத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கோ ஐந்தே நாள்தான் இருந்தது. சொன்னால் அக்கா கிரைண்டரை நிறுத்தமாட்டாள், பயந்துகொண்டே ஓட்டுவாள். ஒரு பெண்பிள்ளையை எதற்காகப் பயமுறுத்தவேண்டும்? இரண்டாவது வழி, குழியிலிருந்து கீழ்வீட்டு ஒயரைக் கழற்றிவிடுவது. அதில் யாருக்கும் சிரமம் இல்லை.

புதன்கிழமை மத்தியானம், அக்கா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம், ஸ்பேனரோடு கிணற்றடிக்குப் போனேன். நட்டு துருப்பிடித்துத் தானாகக் கழன்றது என்று பார்க்கவந்த மின்சாரக்காரர் சொன்னாராம். துருப்பிடித்திருந்தது உண்மை. தானாகக் கழலவில்லை, மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். எது மேல்வீட்டு ஒயர், எது கீழ்வீட்டு ஒயர் என்பதை இரண்டு தடவை சரிபார்த்தேன். என் ஒயரை நான் தொடவே இல்லை. அதைக் கழற்றினால் பாகீரதிக்கு ஆபத்து.

இரண்டரைக்குக் கீழே கிரைண்டர் ஓடத் தொடங்கியது. நான் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெட்டி உயிரோடு இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு மூச்சு இல்லை. அப்படி ஒரு நிசப்தத்தை நான் ஆஸ்பத்திரியின் ஒலி புகாத அறைக்குள்ளும் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. பாகீரதி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

வியாழக்கிழமை அக்கா படியேறி வந்தாள்.

"சாரே, கிரைண்டரைத் தொட்டா கை சுள்ளுங்கு. நேத்து வரைக்கும் இப்பிடி இல்ல, பாத்துக்கிடுங்க. நீங்க மிசினு படிச்சவிய, என்னன்னு ஒரு எட்டுப் பாருங்களேன்."

பார்த்தேன். மழைக்காலம், தரை ஈரம், அதனால்தான் என்றேன். பொய் இல்லை, மழைக்காலம்தான், தரையும் ஈரம்தான். அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய்த் தடித்த அடியுள்ள ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து கொடுத்தேன். அளவுகூடச் சரியாக இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு ஆட்டினால் ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"மாவு ஆட்டுத எடத்துல செருப்பா? என்ன சார் சொல்லுதிய. நாலு வீட்டுப் பிள்ளையளு திங்கப்போற மாவுல்லா."

எனக்கு அது தெரியாததல்ல. என் அம்மாவும் அடுக்களைக்குள் செருப்பு ஏற விடமாட்டாள், பாகீரதியும் விடமாட்டாள். அக்கா அதைப் போடமாட்டாள் என்று வாங்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் வாங்கிக் கொடுப்பது என் கடமை. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கோவிலுக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறேன் என்று எடுத்துப்போனாள். வெள்ளிக்கிழமை எட்டிப் பார்த்தேன். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள். நல்ல யோசனை என்று பாராட்டினேன். சனிக்கிழமை பகல் முழுக்க மழை. பலகை ஊறியிருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒயரை மாட்டிவிடுவது என்று டைரியில் எழுதிவைத்தேன். அந்தப் பக்கத்தை உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். மறந்துபோகிறவன் அல்ல நான்.

ஞாயிறு நாலு மணிக்கு அத்தான் குடும்பத்தோடு வந்தார். கையில் நிஜமாகவே ஒரு காலிக் குப்பி. எல்லோரும் சிரித்தார்கள், நான் மனதார அவர்களோடு சிரித்தேன். அவரைச் சோபாவின் சரிநடுவில் உட்காரவைத்தேன். ஒரு யுத்தப் படத்தில் பாலம் தகர்க்கிற கட்டம், மொத்தம் பதினொரு நிமிஷம். அதில் ஒவ்வொரு நொடியும் எனக்கு மனப்பாடம். வெடிப்பதற்கு முன்னால் இருபது நொடி சுத்த நிசப்தம் வரும். அத்தான் அந்த இருபது நொடியும் பெட்டியை நோக்கிச் சாய்ந்து, கண்ணை மூடித் தேனீயைத் தேடினார். கீழே கிரைண்டர் ஓடுவது தரைவழியாக மட்டும் லேசாகத் தெரிந்தது. பெட்டியில் ஒன்றுமில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சமமான மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பாலம் போயிற்று.

அதை எழுத்தில் சொல்லமுடியாது சார். அடிவயிற்றில் கையை வைத்து யாரோ தூக்குவதுபோல இருக்கும். அத்தானின் பிள்ளைகள் கூச்சலிட மறந்தார்கள். அத்தானின் வாய் திறந்தபடி இருந்தது. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"வயித்துக்குள்ள இடிக்கி மாப்ளே," என்றார். "ஒம்ம காது காதுதான்."

குப்பியை அவரே தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்தார். காபி குடித்தோம். பாகீரதி பஜ்ஜி போட்டாள். நான் மிதந்துகொண்டிருந்தேன். ஐந்தே முக்காலுக்குப் பாகீரதிதான் சொன்னாள், கிரைண்டர் இன்னும் நிற்கவில்லையே என்று. அவள் கீழே போனாள். அவள் கூப்பிட்டதும் நான் இறங்கி, படிக்கட்டின் அடியில் இருக்கிற மெயின் சுவிட்சை அணைத்தேன். அத்தானின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்காவின் தலை என் மடியில்தான் இருந்தது. லிங்கம் அண்ணன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கூடப் பிறந்தவன்போல நின்றீர்கள் என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பல்ல. அக்காவை எனக்குப் பிடிக்கும்.

இவ்வளவையும் நான் வந்து சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் என்மேல் ஒரு சந்தேகமும் படவில்லை. ஆனால் நேற்று ராஜையன் ஏட்டையா, உங்கள் காகிதத்தில் அத்தான் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். மேல்வீட்டில் பெட்டி போட்ட சத்தத்தில் கீழே நடந்தது எதுவும் யாருக்கும் கேட்க வழியில்லை என்று அதில் இருக்கிறது. அத்தான் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, இருந்திருந்து கடைசியில் இப்படிச் சொல்லிவிட்டார். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கு இது கோர்ட்டில் ஏறும், ஊரில் பேச்சாகும். தெருவில் விற்கிற தகரப் பெட்டி மற்ற ஒலிகளை விழுங்கும்; இரண்டு மாதம் உட்கார்ந்து சரிசெய்த பெட்டி அப்படிச் செய்யாது. அது கனத்தை மட்டும் தரும். மனிதக் குரல் வருகிற இடத்தைத் தொடாது.

எனக்குக் கேட்டது சார். பாலம் போன பிறகு, அந்தக் கட்டம் முடிய நாலு நிமிஷம் பாக்கி இருந்தபோது. அந்தப் படத்தில் பெண்குரலே கிடையாது. முதல் தடவை வெறும் அலறல். இரண்டாவது, யாராவது வாங்களேன் என்று. மூன்றாவது கொஞ்சம் தாழ்ந்து, நம்பி சாரே என்று. மெயின் சுவிட்சுக்குப் பதினான்கு படி. எழுந்திருக்க நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்தால், பெட்டியில் ஏதோ கோளாறு என்று அத்தான் நினைத்துவிடுவார். ஆகவே காகிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, மூன்று தடவையும் தெளிவாகக் கேட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை.